சுரங்க வாயிலில் நிற்கும் பிள்ளைகள்



மொழியைப் பற்றியும் பண்பாட்டைப் பற்றியும் எழுத என்னிலும் வல்லோர் இம்மலரில் உளர். நான் எழுத விழைவது மலையைக் குடைந்து செல்லும் புகையிரதச் சுரங்கங்களைப் பற்றி. தமிழ்ப் பாடசாலை மலரில் இதற்கு என்ன இடம் என்று வினவுவோர் சற்றுப் பொறுத்தருள்க.

சென்ற கோடை விடுமுறையில் என் மகன் தன் நண்பர் இருவருடன் கைவிளக்கும் தண்ணீர்ப் போத்தலும் எடுத்துக்கொண்டு புறப்பட ஆயத்தமானான். எங்கே என்று கேட்டேன். அயலூர் மலையடிவாரத்துச் சுரங்கத்தின் உள்ளே நடந்து பார்க்கப் போகின்றார்களாம். தாயார் ஏசினார். "படிப்புக்கு உதவாத வேலை" என்றார். நான் ஏச முடியாமல் நின்றேன். காரணம் உண்டு.

அவன் வயதில் நானும் சுரங்கத்தினுள் நடந்தவன். பதுளையில் தொழில் பார்த்த என் மாமா ஒருமுறை தெமோதரைக்கு அழைத்துச் சென்றார். அங்கே நிலையத்தை விட்டுப் பதுளை நோக்கிப் புறப்படும் வண்டி ஒரு குன்றைச் சுற்றி இறங்கி, சற்று முன் தான் நின்ற அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்தால் வெளியே வரும். மாமா தண்டவாளத்தில் காதை வைத்துக் கேட்டார். "கோச்சி வரேல்லை, நட" என்றார். நடந்தோம். இருளும், கரிப்புகை படிந்த சுவரும், தொலைவில் தெரிந்த காசளவு வெளிச்சமும் இன்றும் என் கண்ணில் நிற்கின்றன.

ஆகவே பிள்ளையின் ஆசையை நான் குறை கூற மாட்டேன். ஆனால் மாமாவின் வித்தை இங்கே செல்லாது என்பதை அவனுக்கு அன்றிரவே விளக்க வேண்டியிருந்தது. தாயகத்தில் தண்டவாளமே நமக்கு ஒற்றையடிப் பாதை. தோட்டத்து மக்கள் அதன் வழியே கடைக்கும் பள்ளிக்கும் சென்றனர். நாளொன்றுக்குச் சில வண்டிகளே ஓடின. அவற்றின் நேரமும் ஊராருக்கு மனப்பாடம். யேர்மனியில் மணிக்கு 160 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வண்டி ஒரு நொடியில் 44 மீற்றர் கடக்கின்றது. சாரதி கண்டு தடுப்பை அழுத்தினாலும் நிற்பதற்கு ஒரு கிலோமீற்றர் வரை தேவைப்படலாம். மின்வண்டி முன்போல் இரைந்து வருவதுமில்லை. சுரங்கத்துள் ஒதுங்குவதற்குச் சுவரில் ஆங்காங்கே குடைந்த மாடங்களன்றி இடமில்லை. மேலே செல்லும் கம்பியில் 15,000 வோல்ற் மின்சாரம்; தொடாமல் அருகே சென்றாலே அது பாயும். துருவேறிய தண்டவாளம் என்றால் வண்டி ஓடாது என்று எண்ணுவதும் பிழை. உத்தரவின்றி இருப்புப் பாதையில் இறங்குவதைச் சட்டமும் தடுக்கின்றது. நாமே ஊர்ப் பழக்கத்தில் குறுக்குவழியாகத் தண்டவாளத்தைக் கடந்துவிட்டுப் பிள்ளைக்கு மட்டும் புத்தி சொன்னால் அவன் கேட்பானா?

அதற்காக "போகாதே" என்ற ஒரு சொல்லோடு கதவை மூடுவதும் எனக்கு உடன்பாடன்று. நடப்பதற்கென்றே திறந்துவிடப்பட்ட சுரங்கங்கள் இந்நாட்டில் உள. புல்டா நகருக்குக் கிழக்கே, றோன் மலையில், மில்செபூர்க் சுரங்கம் இருக்கின்றது. 1889இல் முடிக்கப்பட்டது, நீளம் 1172 மீற்றர். புகையிரதம் நின்றுபோன பின், 2003இல் மிதிவண்டிப் பாதையாக மாற்றப்பட்டது. உள்ளே விளக்குகள் உண்டு. குளிர்காலத்தில் மட்டும் மூடிவிடுவார்கள், வௌவால்களுக்காக! அவை அங்கே தொங்கியபடி குளிர்காலம் முழுவதும் உறங்குகின்றன. இடையில் எழுப்பினால், உடலில் சேமித்த கொழுப்பு வசந்தம் வருமுன்னரே தீர்ந்து மடிந்துவிடும். கைவிடப்பட்ட சுரங்கம்தானே என்று பூட்டை மீறி நுழைவோர் இதனையும் எண்ண வேண்டும். வூப்பெற்றாலிலும் பழைய வடக்குப் பாதை 2014இல் முழுமையாகத் திறக்கப்பட்டு, அதன் சுரங்கங்களூடாக மக்கள் உலாவுகின்றனர்.

நடக்க முடியாவிடினும் காணவேண்டியது ஒன்று கருங்காட்டின் தெற்கே உண்டு. புளும்பேர்க்கிலிருந்து வைற்சனுக்கு நேர்த்தூரம் பத்துக் கிலோமீற்றருக்கும் குறைவு. பாதையின் நீளமோ இருபத்தைந்தைத் தாண்டும். ஏன் இத்தனை சுற்று? 1870-71 போருக்குப் பின், சுவிஸ் மண்ணைத் தொடாமல் எல்லைக்குப் படைகளைக் கொண்டுசெல்ல ஒரு வழி தேவைப்பட்டது. பாரமான வண்டிகள் செங்குத்தாக ஏற மாட்டா. ஆதலால் நூறு மீற்றருக்கு ஒரு மீற்றருக்கு மேல் ஏறாதபடி பாதையை வளைத்து வளைத்து நீட்டினர். 1890இல் திறந்தனர். அதிலே ஸ்ரொக்கால்டே சுரங்கம் 1700 மீற்றர் நீளத்தில் மலையின் வயிற்றுக்குள்ளேயே ஒரு முழு வட்டம் அடிக்கின்றது. மக்கள் இப்பாதைக்குப் "பன்றிவால்" என்று பெயரிட்டனர். 1977 முதல் அருங்காட்சிப் புகையிரதம் ஓடுகின்றது. அயலிலே நடைபாதையும் உண்டு.

இதைப் பார்த்தபோது எனக்குத் தெமோதரையே நினைவுக்கு வந்தது. போருக்காக இங்கே ஒரு வளையம். தேயிலைக்காக அங்கே ஒரு வளையம். நானுஓயாவுக்கு 1885இலும், பண்டாரவளைக்கு 1894இலும், பதுளைக்கு 1924இலும் அப்பாதை சென்றடைந்தது. அற்றனுக்கு அருகேயுள்ள சிங்கமலைச் சுரங்கம் 562 மீற்றர்; 2019 வரை இலங்கையில் அதுவே மிக நீளமானதாக இருந்தது. அந்த மலைகளில் கல்லுடைத்தவர்களுள் தென்னிந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட தமிழ்த் தொழிலாளரும் இருந்தனர். அவர்கள் பெயரை எந்த வாயிலிலும் நான் கண்டதில்லை. வைற்சனின் வளைவை வியக்கும் நம் பிள்ளைக்கு இச்செய்தியைச் சொல்வதற்குத் தமிழைவிடப் பொருத்தமான மொழி எது? தண்டவாளம், சிலிப்பர்க்கட்டை, சுரங்கம், வளைவு, சரிவு என்ற சொற்களை அவன் கேளாமலே கற்றுக்கொள்வான். என் மகன் கற்றான். கட்டுரை எழுதச் சொன்னால் முகம் சுளிப்பவன், பன்றிவாலைப் பற்றி மூன்று பக்கம் எழுதினான். எழுத்துப்பிழைகள் உண்டு, மறைப்பானேன்.

ஆகவே நிர்வாகத்தினரிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் இராட்டினப் பூங்காவுக்கே சுற்றுலா போகின்றோம். அடுத்த ஆண்டு மில்செபூர்க்குக்குப் போவோம். சுரங்கக் கதவு ஏப்ரல் நடுப்பகுதியில் திறந்துவிடும். மே மாதத்துச் சனிக்கிழமையொன்று வசதியாயிருக்கும். பிள்ளைகளிடம் கைவிளக்கோடு கம்பளிச் சட்டையும் கொடுத்துவிடுங்கள். வெளியே வெயில் எரித்தாலும் உள்ளே குளிர்தான்.