தங்கவயலில் தவணை வாழ்க்கை

கோலார் தங்கவயலில் சுரங்கச் சங்கு ஓய்ந்துவிட்டது. 2001-ம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் மூடப்பட்டது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். அதன் பிறகு ஊரை எழுப்புவது, மாரிக்குப்பத்திலிருந்து புறப்படும் ரெயில்தான். சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு நிலையத்திலும் கூட்டம் ஏறுகிறது. ஏறக்குறைய 90 கிலோ மீட்டர் தள்ளி இருக்கும் பெங்களூருக்குப் போய், இரவில் வீடு திரும்புகிறது.

போகும்போது கையில் சாப்பாட்டுக் கூடை. திரும்பும்போது பளபளக்கும் கடைப் பை. இந்த இரண்டுக்கும் நடுவில் தங்கவயல் குடும்பத்தின் வாழ்க்கை முறையே மாறிக்கொண்டிருக்கிறது.

சுரங்கக் காலம் பொற்காலம் என்று சொல்ல முடியாது. பாறை வெடிப்பில் மாண்டவர் பலர். கல் தூசியால் நுரையீரல் கெட்டு இருமி இருமியே மடிந்தவர் பலர். சிவசமுத்திரத்தில் நீர்மின் நிலையம் அமைத்து, 1902-ம் ஆண்டிலேயே தங்கவயலுக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். ஆனால் அது சுரங்கத்துக்காக வந்த மின்சாரம். தொழிலாளியின் குடிசையில் அதற்குப் பிறகும் பல காலம் மண்ணெண்ணெய் விளக்குதான் எரிந்தது.

அந்த வறுமையிலும் ஓர் ஒழுங்கு இருந்தது. வட ஆற்காட்டிலிருந்தும் பக்கத்து மாவட்டங்களிலிருந்தும் வந்து குடியேறிய மக்கள் லைன் வீடுகளில் சுவரோடு சுவராக வாழ்ந்தார்கள். குழாய் பொது. திண்ணை பொது. ஒரு வீட்டில் ரேடியோ பாடினால் லைன் முழுவதும் கேட்டது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் அடுத்த வீட்டில் உலை வைப்பதில்லை. திருமணத்துக்குப் பாத்திரமும் பாயும் அக்கம்பக்கத்திலிருந்து வந்து சேர்ந்தன.

கடன் அப்போதும் இருந்தது. மளிகைக் கடையில் கணக்கு நோட்டு இருந்தது. வட்டிக் கடையில் தாலிக்கொடி அடகில் இருந்தது. ஆனால் அந்தக் கடனுக்குப் பின்னால் ஒரு பலம் நின்றது. மாதம் பிறந்தால் சம்பளம் வரும். வீடு கம்பெனியுடையது. ஆஸ்பத்திரி கம்பெனியுடையது. கடைக்காரர் தொழிலாளியின் முகத்தைப் பார்த்துக் கடன் கொடுத்தார் என்றால், அந்த முகத்துக்குப் பின்னால் சுரங்கம் தெரிந்தது.

இன்று அந்தப் பலம் போய்விட்டது. கடன் மட்டும் பல மடங்கு பெருகிவிட்டது. இதுதான் ஆபத்து.

பெங்களூரில் காவல் வேலை, துப்புரவு வேலை, தையல் ஆலை வேலை, கடைச் சிப்பந்தி வேலை என்று போகிற இளைஞர்களில் பலர் ஒப்பந்தக்காரரிடம் சம்பளம் வாங்குகிறவர்கள். அடுத்த மாதம் வேலை உண்டா என்று அவர்களுக்கே தெரியாது. ஆனால் அவர்கள் வாங்கும் செல்போனுக்குப் பத்து மாதத் தவணை. வாஷிங் மெஷினுக்குப் பதினெட்டு மாதத் தவணை. நிரந்தரம் இல்லாத வேலையை நம்பி நிரந்தரக் கடன்!

பொருள் வாங்குவதே தவறா? இல்லை. ஏழை வீட்டில் வாஷிங் மெஷின் எதற்கு என்று கேட்பவர்கள், ஒரு நாளாவது துணி துவைத்துப் பார்க்க வேண்டும். கேஸ் அடுப்பும் மிக்சியும் தாய்மார்களின் முதுகுச் சுமையைக் குறைத்திருக்கின்றன. அந்த வசதி பணக்காரருக்கு மட்டும் சொந்தமல்ல.

தவணை முறையும் புதிதல்ல. 1850-களிலேயே அமெரிக்காவில் சிங்கர் கம்பெனி தையல் மெஷினைத் தவணையில் விற்றது. ஆனால் தையல் மெஷின், தன் தவணையைத் தானே சம்பாதித்துக் கொடுக்கக் கூடியது. இருக்கிற செல்போனை மாற்றி வாங்கும் இன்னொரு செல்போன் என்ன சம்பாதித்துக் கொடுக்கும்? பக்கத்து வீட்டுக்காரர் வாங்கினார் என்பதற்காக வாங்கிய பெரிய டி.வி. யார் வயிற்றை நிரப்பும்?

ஒரு கணக்கைப் பார்க்கலாம். குடும்பத்தில் ஒருவர்தான் சம்பாதிக்கிறார். மாதச் சம்பளம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். போன் தவணை 2,000. வாஷிங் மெஷின் தவணை 1,500. மனைவி குழுவில் வாங்கிய கடனுக்கு வாரம் 800 வீதம் 3,200. மொத்தம் 6,700 போய்விடுகிறது. மிச்சம் 5,300-ல் அரிசி, பருப்பு, பள்ளிக் கட்டணம், ரெயில் சீசன் டிக்கெட் எல்லாம் நடக்க வேண்டும். நடக்காது. எனவே பழைய கடனை அடைக்கப் புதிய கடன்.

‘வட்டி இல்லாத் தவணை’ என்ற விளம்பரத்தையும் சோதித்துப் பார்க்க வேண்டும். ரொக்கம் கொடுத்தால் 18,500-க்குக் கிடைக்கும் போன், தவணையில் 20,000. அதோடு கட்டணம் 500 என்றால், வட்டி வேறு பெயரில் வந்துவிட்டது என்று அர்த்தம். வட்டியைக் கட்டணமாக மறைத்து வசூலிக்கும் இப்படிப்பட்ட திட்டங்களை 2013-லேயே ரிசர்வ் வங்கி கண்டித்திருக்கிறது.

கடன் வாங்கியவருக்கும் உரிமைகள் உண்டு. ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத குடும்பங்களுக்கு அடமானம் இல்லாமல் தரும் நுண்கடனுக்கு, ரிசர்வ் வங்கி 2022-ல் விதிகள் வகுத்தது. எல்லாக் கடன்களின் தவணையும் சேர்ந்து குடும்பத்தின் மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் வசூலுக்குத் தொல்லை தரக் கூடாது. கடன் அட்டை, வாங்குபவருக்குப் புரிகிற மொழியில் இருக்க வேண்டும். மிரட்டி வசூலிப்பதைத் தடுக்க 2025 பிப்ரவரியில் கர்நாடக அரசு அவசரச் சட்டமே கொண்டுவந்தது.

இந்த விதிகள் லைன் வீடு வரை வந்து சேர்ந்தனவா? மேலே சொன்ன குடும்பத்தின் 6,700 ரூபாய், பாதி வருமானமான 6,000-ஐத் தாண்டிவிட்டதே! புரியாத மொழியில் அச்சடித்த காகிதத்தில் கையெழுத்து வாங்கினால், தமிழில் கேட்கும் உரிமை உண்டு என்று எத்தனை தாய்மார்களுக்குத் தெரியும்?

தங்கவயலுக்குச் சங்கம் புதிதல்ல. தொழிலாளர்களின் கைரேகையைப் பதிவு செய்ய 1930-ல் கம்பெனி முயன்றபோது, வேலைநிறுத்தம் செய்து எதிர்த்த ஊர் இது. அன்று கட்டை விரலைக் கொடுக்க மறுத்தவர்களின் பேரன் பேத்திகள், இன்று எந்தக் காகிதத்தையும் படிக்காமல் அதே விரலை வைத்துக் கொடுக்கலாமா?

சங்கங்களும், மாதர் குழுக்களும், கோயில், சர்ச், மசூதி நிர்வாகிகளும் வாரம் ஒரு நாள் மாலையை இதற்கு ஒதுக்கலாம். படித்த பிள்ளைகள் இரண்டு பேர் உட்கார்ந்து, கடன் காகிதத்தைப் படித்துத் தமிழில் சொன்னால் போதும். கடையில் ஏமாந்தவர்கள் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். சீட்டுக் கட்டுகிறவர்கள், அது பதிவு செய்யப்பட்ட சீட்டுதானா என்று விசாரித்துக் கட்ட வேண்டும்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இந்த ஊர் பூமிக்குக் கீழே மூன்று கிலோ மீட்டர் ஆழம் இறங்கித் தங்கம் எடுத்த ஊர். எடுத்த தங்கம் அவர்களிடம் தங்கவில்லை. பெங்களூருக்கு ரெயில் ஏறிச் சம்பாதிக்கும் கூலியாவது வீட்டில் தங்க வேண்டும்.