சின்னப் பெட்டிக்குப் பெரிய நம்பர் எதுக்கு?

உயர்தரம் படிக்கிற பிள்ளைக்குச் சின்னக் கேஸில் ஒரு கொம்பியூட்டர் பொருத்தப் போனால், நாம் பெரிய நம்பர் ப்ரொசஸரைத்தான் கேட்கிறோம். அது சரியில்லை.

இன்டெல் ஐ5 12600கே முழு வேகத்தில் 150 வாட் வரை இழுக்கும். சின்னக் கேஸில் பெரிய கூலருக்கு இடமில்லை. சூடு ஏறினால் ப்ரொசஸர் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கொடுத்த காசு வீண்.

ரைசன் 5 5600ஜி 65 வாட்தான். 6 கோர், கிராபிக்ஸும் உள்ளேயே இருக்கிறது. இன்டெலில் நம்பருக்குப் பின்னால் 'எஃப்' இருந்தால் கவனம்: தனிக் கார்ட் இல்லாமல் திரையில் ஒன்றும் வராது.

மிஞ்சும் காசுக்கு 16 ஜிபி ரேமும் எஸ்எஸ்டியும் போடுவோம். பிள்ளையின் படிப்புக்கு உதவுவது அதுதான். வாங்க முதல் எத்தனை வாட் என்று கேட்போம்.