புதிய முறைமையும் பழைய கணினிகளும்

கல்லூரி விழாக் கொண்டாடுங் காலத்திற் பழைய மாணவர் உள்ளத்தில் எழும் முதல் எண்ணம், தம்மை ஆளாக்கிய கல்லூரிக்கு யாது கைம்மாறு செய்வோம் என்பதே. முன்னாளில் அவ்வெண்ணம் நூனிலையத்துக்குப் புத்தகமாயும் மண்டபத்துக்கு வாங்கு மேசையாயும் உருக்கொண்டது. இந்நாளிற் கணினி என்னுஞ் சொல்லே பலர் வாயிலும் பிறக்கின்றது. நமுனுகுல மலைச்சாரலிலும் பசறை, பதுளைப் பக்கத்துத் தோட்டங்களிலும் உள்ள நம்மவர் கூடுமிடத்து, “பழைய கணினிகள் இனி உதவா, எல்லாவற்றையும் நீக்கிப் புதியன வாங்குவோம்” என்று கூறுவார் பலர். “இருப்பவை ஓடுகின்றன, ஓடும்வரை ஓடட்டும்” என்பாருஞ் சிலர் உளர். இவ்விரு சாராரோடும் நாம் உடன்பட இயலாதவராய் இருக்கின்றோம்.

செய்தியை முதலில் தெளிவாக அறிதல் வேண்டும். கணினியின் வன்பொருளை இயக்கி ஏனை மென்பொருள்களுக்கு இடங்கொடுப்பது பணிசெயல் முறைமை. மைக்ரோசொப்ட் கம்பனியார் 2015ஆம் ஆண்டு யூலை மாதத்தில் விண்டோஸ் 10 என்னும் முறைமையை வெளியிட்டனர். இதுவே விண்டோஸின் கடைசிப் பதிப்பு என்று அக்கம்பனியின் உத்தியோகத்தர் ஒருவர் அவ்வாண்டில் மேடையேறிக் கூறினார். அக்கூற்றின் ஆயுள் ஆறாண்டுதான். 2021ஆம் ஆண்டு ஒக்டோபரில் விண்டோஸ் 11 வந்தது. 2025ஆம் ஆண்டு ஒக்டோபர் 14ஆந் திகதியோடு விண்டோஸ் 10 முறைமைக்கு இலவசமாக வழங்கிவந்த பொது ஆதரவு முடிவுற்றது. அன்று கணினிகள் நின்றுவிடும் என்று அஞ்சியவர்களும் இருந்தனர். அவை நிற்கவில்லை. நின்றது பாதுகாப்புத் திருத்தங்களின் வரவே.

பழைய கணினியிற் புதிய முறைமையை ஏற்றினாற் போதாதோ எனின், அதற்கும் தடையுண்டு. ரீ.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லு வேண்டும். இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாந் தலைமுறையோ அதற்குப் பிற்பட்டதோ ஆதல் வேண்டும். அத்தலைமுறை 2017இற் பிறந்தது. அதற்கு முற்பட்ட நல்ல கணினிகள் பழுதொன்றும் இன்றியே தகுதி இழந்துவிட்டன. பழுதுறாத பொருளைக் குப்பையென்று கொள்ளும்படி ஒரு கம்பனியின் நாட்காட்டி நம்மைப் பணிப்பதை நாம் எளிதில் ஏற்கலாகாது. தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 2024ஆம் ஆண்டு செப்டெம்பரில் 1,350 ரூபாயாக நிர்ணயிக்கப்பட்டது. கணினி ஒன்றின் விலையை ஓர் இலட்சம் ரூபாய் என்று குறைத்தே மதித்தாலும், அக்கணக்கின்படி 74 நாட்களுக்கு மேற் கொழுந்து பறித்தல் வேண்டும். நம்முட் பலர் அச்சம்பளத்தில் வளர்ந்த பிள்ளைகளே. நன்கொடைப் பணத்தைச் செலவிடுமுன் இக்கணக்கை ஒருமுறை எண்ணிப் பார்த்தல் நன்று.

எனினும், “ஓடும்வரை ஓடட்டும்” என்பார் சொல் அதனினும் ஆபத்தானது. 2017ஆம் ஆண்டு மே 12ஆந் திகதி வன்னாகிரை என்னுந் தீநிரல் நூற்றைம்பது நாடுகளுக்கு மேற் பரவி, கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணங் கேட்டது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவையிற் குறைந்தது 80 வைத்தியசாலை நிருவாகங்கள் அதனாற் பாதிப்புற்றன. அத்தீநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்குந் திருத்தம் இரண்டு மாதங்களுக்கு முன்னரே வெளிவந்திருந்தது. வீழ்ந்தவற்றுட் பெரும்பாலானவை, ஆதரவு இருந்தும் அத்திருத்தம் இடப்படாத விண்டோஸ் 7 கணினிகள். ஆகவே புதியதை வாங்கியவுடன் காப்புக் கிடைத்துவிட்டது என்று கொள்வதும் பிழை. பேணுவார் இல்லாத புதுக் கணினி, பேணப்படும் பழங்கணினியினும் தாழ்ந்தது. மாணவரின் பெயரும் பிறந்த திகதியும் பெற்றாரின் தொலைபேசி இலக்கமும் கொண்ட கணினியைத் திருத்தமின்றி இணையத்தில் விடுதல், அலுவலகக் கதவைத் திறந்துபோட்டு விடுமுறைக்குச் செல்வதை ஒக்கும்.

ஆதலின் கணினிகளை ஒரே கூட்டமாக எண்ணாது, அவை செய்யுந் தொழில் நோக்கிப் பிரித்தல் வேண்டும் என்பதே நமது துணிபு.

அலுவலகக் கணினிகள் சிலவே. மேலிடத்துப் படிவங்களும் கணக்குத் தாள்களும் விண்டோஸையும் எக்ஸெலையும் எதிர்பார்த்தே வருகின்றன. அவற்றுக்கு விண்டோஸ் 11 உடைய புதுக் கணினி வாங்குதல் தகும். உடனே வாங்க இயலாவிடின், உரிய கல்வி உரிமம் உடைய நிலையங்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களை மூன்றாண்டுகள் நீடித்துத் தரும் ஏற்பாடு உண்டு. ஒரு கணினிக்கு முதலாண்டில் ஒரு டொலர், இரண்டாமாண்டில் இரண்டு, மூன்றாமாண்டில் நான்கு என்பது அறிவிக்கப்பட்ட கட்டணம். ஏழு டொலருக்கு 2028 வரை அவகாசங் கிடைக்கும்போது, அவசரம் அவசரம் என்று பறையறைவது எதற்கு?

மாணவர் பயிலுங் கணினிகள் வேறு. அவற்றில் லினக்ஸ் வகையைச் சேர்ந்த கட்டற்ற முறைமையொன்றை ஏற்றலாம் என்பது நமது எண்ணம். 2024ஆம் ஆண்டு ஏப்பிரலில் வந்த உபுண்டு 24.04 பதிப்புக்கு ஐந்தாண்டு இலவச ஆதரவு உண்டு. மிகப் பழைய கணினிக்கு அதனினும் இலகுவான வகைகளும் உள. உயர்தர வகுப்பிற் கற்பிக்கும் பைத்தன் மொழி அதிலும் அவ்வாறே இயங்கும். லிப்ரே ஒபிஸ் கொண்டு கடிதமும் அட்டவணையும் ஆக்கலாம். இது யாரும் நடவாத புதுவழியன்று. கேரளத்து அரச பாடசாலைகள் பல்லாண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளிலேயே கணினிக் கல்வி புகட்டி வருகின்றன. தமிழ்நாட்டில் எல்காட் நிறுவனம் 2007 அளவில் சுசே லினக்ஸுக்குத் திரும்பியதையும் நினைவிற் கொள்ளலாம். நகரத்துத் திருத்துனருக்கு விண்டோஸ் அன்றி வேறு தெரியாதே என்பர் சிலர். மெய்தான். ஆயின் நம் உயர்தர மாணவர் இருவர் அதனைக் கற்றுத் தாமே பேணுவராயின், அவர்க்கு அது பரீட்சைத் தாளினும் பெரிய பாடமாகும்.

இத்துணையும் கூறினோம், நமக்கு உண்மையிற் கவலை தருவது வேறொன்று. நம் கல்லூரியின் பழைய கணினிகளிற் கிடப்பவை யாவை? வினாத்தாள்கள், பரிசளிப்பு விழா அறிக்கைகள், நாடக எழுத்துப்படிகள், முன்னைய மலர்களின் கட்டுரைகள். இவற்றுட் பெரும்பகுதி பாமினி எழுத்துருவிலே தட்டெழுதப்பட்டவை. பாமினி, ஆங்கில எழுத்துக்களின் இடத்திலே தமிழ் உருவங்களை அமைத்த தந்திரம்; அது இல்லாத கணினியில் அக்கோப்பைத் திறந்தாற் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலே தோன்றும். யூனிகோட் 1991ஆம் ஆண்டின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடமளித்தது. விண்டோஸும் தன் 2000 பதிப்பிலிருந்து அதனை ஏற்றது. இருந்தும் இலங்கையில் நாம் பாமினியை விட்டோமில்லை; கை பழகிவிட்டது. புதிய முறைமையை ஏற்றுபவர் வன்றட்டை முழுதும் அழித்துத் துப்புரவாக்கித் தருவார். எழுத்துருவும் போகும், கோப்பும் போகும். அச்சேறிய பழைய கல்லூரி மலர்கள் பலவற்றை, 2005இற் தொடங்கிய நூலகம் எண்ணிம நூலகத்தில் இன்றும் படிக்கலாம். அச்சேறாது கணினியில் மட்டும் கிடப்பதை எங்கே சென்று தேடுவோம்?

ஆகவே முறைமை மாற்றத்துக்கு முன்னர் அக்கோப்புகளைத் திரட்டி யூனிகோட்டுக்கு மாற்றுதல் வேண்டும். மாற்றுஞ் செயலிகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மாறியதை மூலத்தோடு ஒப்புநோக்கத் தமிழறிந்த கண்கள் வேண்டும். இதுவே பழைய மாணவர் பணங்கொடாமற் செய்யத்தக்க தொண்டு. பிரதிகளை ஒரே கட்டிடத்தில் வைத்தலும் கூடாது. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது பதுளை மாவட்டத்து மலைகள் சரிந்ததைக் கண்ட நமக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

விழா நிதிக் குழுவினரிடம் நாம் கேட்பது இதுவே. கணினி வாங்கும் தீர்மானத்தை ஒரு தவணைக்கு ஒத்திவையுங்கள். அதற்குள் ஒவ்வொரு கணினியின் செயலியும் வயதும் தொழிலும் ஒரு பதிவேட்டில் எழுதப்படட்டும். கோப்புகளின் பிரதி ஒன்று கல்லூரியிலும் மற்றொன்று பதுளை நகரிலும் வைக்கப்படட்டும். ஒரு கணினியில் மட்டும் லினக்ஸ் ஏற்றி, ரெங்கநாதன் விசைப்பலகை அமைப்பையும் பதித்து, அச்சுப்பொறி அதனோடு இணங்குகின்றதா என்று மாணவரே சோதித்துச் சொல்லட்டும். அப்பதிவேடு கைக்கு வந்தபின் எத்தனை புதுக் கணினி வேண்டுமெனக் கூடிப் பேசுவோம்.