வங்காளத் தொழிலாளிக்கு அஷ்டமி உண்டா?



'வங்காளி' என்றால் நம்மில் மூத்தவர்களுக்கு யார் நினைவுக்கு வருகிறார்? தலைப்பாகை கட்டிய சீக்கியர்! பஞ்சாபிலிருந்து வந்து கல்கத்தா துறைமுகத்தில் கப்பலேறிய பாவத்துக்காக அவர்களைத் தலைமுறை தலைமுறையாக வங்காளி ஆக்கி வைத்திருக்கிறோம். உண்மையான வங்காளியோ இன்று உங்கள் பக்கத்திலேயே நிற்கிறார். தொழிற்சாலையில் உங்களுக்கு அடுத்த மெஷினில், கட்டுமானத் தளத்துக் கொங்சியில், செம்பனைத் தோட்டத்தில். அவரை 'பங்களா' என்கிறோம். பெயரைக் கேட்பதில்லை. முஸ்லிம் என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம்.

பெரும்பாலானவர்கள் முஸ்லிம்கள்தாம். ஆனால் வங்காளதேசத்தின் 2022 மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி அங்கே ஏறக்குறைய 8 விழுக்காட்டினர் இந்துக்கள். 1974-இல் அது 13.5 விழுக்காடாக இருந்தது. அவர்களில் ஒரு சிலர் பெர்மிட் எடுத்து இங்கேயும் வந்திருக்கிறார்கள்.

அப்படி ஒருவரை எனக்குத் தெரியும். சம்பள பாக்கி வழக்குக்காக என்னிடம் வந்தவர். தொழிலாளர் இலாகாவில் அழைப்புக்காகக் காத்திருந்தபோது அவர் மணிக்கட்டில் சிவப்புக் கயிறு இருந்ததைப் பார்த்துக் கேட்டேன். துர்க்கை பூஜைக் கயிறு, ஊரிலிருந்து அம்மா அனுப்பியது என்றார். ஆறு ஆண்டுகளாக அவர் துர்க்கையின் முகத்தை நேரில் பார்க்கவில்லையாம். அஷ்டமி காலையில் கிராமத்துப் பந்தலில் அம்மா கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடிப்பார். இவர் விடுதி மாடிப்படியில் நின்றுகொண்டு, வயிற்றில் ஒன்றும் போடாமல், கையில் பூ இல்லாமல் புஷ்பாஞ்சலி செய்வார். பிறகு ஷிப்டுக்கு ஓடுவார்.

"லீவு கேட்கலாமே?" என்றேன். "அது எங்களுக்கு உண்டா சார்?" என்று திருப்பிக் கேட்டார். அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

நமக்கு நவராத்திரி என்றால் கொலு, சுண்டல், கடைசியில் சரஸ்வதி பூஜை. வங்காளிகளுக்கு அது ஆண்டின் தலையாய திருவிழா. சஷ்டி முதல் தசமி வரை ஐந்து நாள். துர்க்கை அங்கே போருக்குப் போகும் தெய்வம் மட்டுமல்ல. கட்டிக் கொடுத்த மகள். கைலாசத்தில் இருக்கும் புருஷன் வீட்டிலிருந்து தாய் வீட்டுக்கு வருகிறாள். தனியாக வருவதில்லை, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வருகிறாள்: லட்சுமி, சரஸ்வதி, பிள்ளையார், கார்த்திக். கார்த்திக் யார்? நம் முருகன்தான்! பத்துமலையில் நாம் காவடி எடுக்கும் அதே முருகன் அங்கே மயிலோடு அம்மா பக்கத்தில் அடக்கமாக நிற்கிறான். லட்சுமியும் சரஸ்வதியும் அவனுக்கு அக்கா தங்கை. நம் ஊர்க் குருக்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், சண்டைக்கு வருவார்.

தசமி அன்று மகள் திரும்பிப் போகவேண்டும். சுமங்கலிகள் அவள் முகத்தில் குங்குமம் பூசி, வாயில் இனிப்பு வைத்து அனுப்புகிறார்கள். அழுகிறவர்களும் உண்டு. களிமண் சிலை ஆற்றில் கரைகிறது. ஆண்டுக்கு ஒரு முறை மகள் தாய் வீடு வரும் கதை இது. வீட்டுக்கே போக முடியாமல் வெளிநாட்டில் கிடப்பவனுக்கு இது எப்படி வலிக்கும் என்று நான் விளக்க வேண்டியதில்லை.

இந்தப் பூஜைக்குப் பணம் எங்கிருந்து வருகிறது? ஒரு காலத்தில் ஜமீன்தார் வீடுகளில் மட்டும் நடந்தது. ஏழை எளியவன் வாசலில் நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். 18ஆம் நூற்றாண்டில் ஹூக்ளி மாவட்டம் குப்திபாராவில், பெரிய வீட்டுப் பூஜையில் சேர்க்கப்படாத பன்னிரண்டு நண்பர்கள் தாங்களே காசு போட்டு ஒரு பூஜை நடத்தினார்கள் என்று சொல்வார்கள். பன்னிரண்டு என்பதற்கு வங்காளத்தில் 'பாரோ', நண்பர் என்பதற்கு 'யார்'. அதுதான் 'பாரோவாரி' பூஜை. பிறகு அது ஊர் முழுக்கக் காசு போடும் 'சர்வஜனீன்' பூஜையாக வளர்ந்தது. அவர்கள் வசூலிக்கும் பணத்துக்குப் பெயர் 'சாந்தா'. நாம் கோயிலுக்குக் கட்டும் சந்தாவும் அதே சொல்தான்.

இப்போது நான் உங்களை ஒரு சிறைக்கு அழைத்துப் போகிறேன். பர்மாவில் மண்டலே சிறை.

1943-இல் சிங்கப்பூருக்கு வந்து நம் தோட்டத்துத் தாத்தா பாட்டிகளைப் படையில் சேர்த்த சுபாஷ் சந்திர போஸை உங்களுக்குத் தெரியும். தாலிக்கொடியைக் கழற்றிக் கொடுத்த பாட்டிகளின் கதை நம் வீடுகளில் இன்னும் பேசப்படுகிறது. ஆனால் அதற்குப் பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பு, 1925-இல், அதே போஸ் விசாரணையே இல்லாமல் மண்டலேயில் அடைக்கப்பட்டிருந்தார். உடன் வேறு வங்காள அரசியல் கைதிகளும் இருந்தார்கள். அவருக்கு அரசியலில் குருவாக இருந்த சித்தரஞ்சன் தாஸ் அந்த ஆண்டு ஜூன் மாதம் இறந்தபோது இவரால் போய் முகத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை.

பூஜைக் காலம் வந்தது. சிறைக்குள் துர்க்கை பூஜை நடத்த வேண்டும், அதற்கு அரசு செலவுத் தொகை தர வேண்டும் என்று கைதிகள் கேட்டார்கள். இந்தியச் சிறைகளில் கிறிஸ்துவக் கைதிகளுக்கு அவர்கள் சமய காரியங்களுக்கு வசதி கிடைக்கிறது, அதே வசதி எங்களுக்கும் வேண்டும் என்பதுதான் வாதம். சிறை அதிகாரிக்கு அது நியாயமாகப் பட்டது. மேலிடத்து அனுமதி எப்படியும் வந்துவிடும் என்று நம்பி ஏற்பாடு செய்து கொடுத்தார். பூஜை நடந்தது. பிறகு மேலிடம் பணம் தர மறுத்ததோடு அந்த அதிகாரியையும் கண்டித்தது.

கைதிகள் என்ன செய்தார்கள்? 'பூஜைதான் முடிந்துவிட்டதே, போகட்டும்' என்று விட்டார்களா? 1926 பிப்ரவரியில் உண்ணாவிரதம் தொடங்கினார்கள். செய்தி கல்கத்தா பத்திரிகைக்குப் போனது. டெல்லியில் மத்திய சட்டமன்றம் வரை பிரச்சினை எழுப்பப்பட்டது. ஏறக்குறைய 15 நாள் கழித்து, அரசு ஓரளவு இறங்கி வந்த பிறகே சாப்பிட்டார்கள்.

ஒரு வழக்கறிஞனாக இதை நான் திரும்பத் திரும்ப எண்ணிப் பார்க்கிறேன். அவர்கள் 'தயவு செய்து சாமி கும்பிட விடுங்கள்' என்று கெஞ்சவில்லை. 'அவனுக்குக் கொடுத்ததை எனக்கும் கொடு' என்றார்கள். இரண்டும் ஒன்றா? முதலாவதை மறுத்தால் பேச்சு முடிந்தது. இரண்டாவதை மறுத்தால் மறுத்தவன் காரணம் சொல்லியாக வேண்டும்.

சித்தரஞ்சன் தாஸ் பெயரில் இன்று தென் டெல்லியில் ஒரு குடியிருப்பு இருக்கிறது, சித்தரஞ்சன் பார்க். நாடு பிரிந்தபோது கிழக்கு வங்காளத்தில் வீடு வாசலை இழந்தவர்கள் 1954-இல் சங்கம் அமைத்து, அரசாங்கத்திடம் கேட்டுக் கேட்டு, 1960-களில் வாங்கிய நிலம். இன்று பூஜைக் காலத்தில் டெல்லிக்காரர்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பார்க்கும் பந்தல்கள் அங்கேதான். காலையில் பிரசாதமாகக் கிச்சடி. மாலையில் பந்தலுக்கு வெளியே ஆட்டிறைச்சி, மீன் வறுவல். வங்காளிக்குப் பூஜை என்றால் சாப்பாடும் சேர்த்துத்தான். வட இந்தியர்களோ நவராத்திரியில் சைவம்.

2025 ஏப்ரலில் அங்குள்ள மீன் கடைகளுக்குச் சிலர் வந்து, கோயில் அருகில் மீன் விற்பது தவறு என்று கடைக்காரர்களிடம் தகராறு செய்த காணொளி நாடெங்கும் பரவியது. அந்தக் கோயிலைக் கட்டியதே நாங்கள்தான் என்று கடைக்காரர்கள் பதில் சொன்னார்கள். பாருங்கள், இந்துக்கள் பெரும்பான்மையாக உள்ள நாட்டில், இந்துவுக்கே இந்து பாடம் எடுக்கிறான்! சிறுபான்மை என்பது மதத்தால் மட்டும் வருவதில்லை. மொழியாலும் சமையலாலும்கூட வருகிறது.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சித்தரஞ்சன் பார்க்கில் நிலம் கிடைத்தவர்கள் பெரும்பாலும் படித்தவர்கள், அரசாங்க உத்தியோகஸ்தர்கள். அதே பிரிவினையில் அகதியான ஏழை விவசாயிகள், ஒடுக்கப்பட்ட சாதியினர் பலரைத் தண்டகாரண்யக் காட்டுக்கும் அந்தமானுக்கும் அனுப்பினார்கள். பூஜைக்கு உயிரே டாக் என்ற பெரிய மேளம். அதை வாசிக்கும் டாக்கிகள் ஆண்டுதோறும் பூஜைக்கு முன் கல்கத்தாவின் சியால்டா ரயில் நிலையத்தில் மேளத்தோடு நின்று, யாராவது கூலிக்கு அழைப்பார்களா என்று பார்த்திருப்பார்கள். தம் வீட்டுப் பண்டிகையை விட்டுவிட்டு அடுத்தவன் பண்டிகைக்கு உழைக்கப் போகிறவர்கள் அவர்கள்.

வெளிநாடுகளில் கதை இன்னும் வேறு. அமெரிக்காவில் பல ஊர்களில் ஐந்து நாள் பூஜையை ஒரு சனி ஞாயிறுக்குள் சுருக்கி, பள்ளி மண்டபத்தை வாடகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். பஞ்சாங்கம் எங்கே, விடுமுறை எங்கே! ஆண்டுக்கு ஒரு சிலை வரவழைக்க முடியாததால், கல்கத்தா குமார்துலியிலிருந்து கப்பலில் வந்த சிலையைக் கரைக்காமல் பெட்டியில் வைத்து மறு ஆண்டும் எடுக்கிறார்கள். அதையெல்லாம் நான் குறை சொல்லமாட்டேன், பிழைக்க வந்த இடத்தில் முடிந்ததைத்தான் செய்ய முடியும். ஆனால் தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வைத்து வாசலில் பட்டியலைப் பார்த்து உள்ளே விடும் பூஜைகளும் இருக்கின்றன. பன்னிரண்டு நண்பர்களை வெளியே நிறுத்திய அந்தப் பெரிய வீட்டுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

மறுபடியும் என் கட்சிக்காரருக்கு வருகிறேன். அவர் சொந்த நாட்டில் விஜயதசமி பொது விடுமுறை. ஆனால் அங்கேயும் நிம்மதி இல்லை. 2021 அக்டோபரில் கொமில்லாவில் தொடங்கிப் பல மாவட்டங்களில் பூஜைப் பந்தல்கள் தாக்கப்பட்டன, உயிர்களும் போயின. இங்கேயோ நவராத்திரிக்கு விடுமுறை இல்லை. கூட்டாளிகள் இல்லை. தமிழர் கோயிலுக்குள் போகலாமா என்றுகூட அவருக்குச் சந்தேகம்.

"அது எங்களுக்கு உண்டா?" என்றாரே, சட்டம் சொல்வதைக் கேளுங்கள். தீபகற்ப மலேசியாவுக்கும் லாபுவானுக்கும் உள்ள 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் 60டி பிரிவின்படி, ஒரு தொழிலாளிக்கு ஆண்டுக்கு 11 பொது விடுமுறைகள் சம்பளத்தோடு உண்டு. அவற்றில் தேசிய தினம், மலேசிய தினம், தொழிலாளர் தினம், பேரரசர் பிறந்தநாள், மாநில ஆட்சியாளர் பிறந்தநாள் (கூட்டரசுப் பிரதேசத்தில் கூட்டரசுப் பிரதேச தினம்) ஆகிய ஐந்தை மாற்ற முடியாது. மீதி ஆறில் எதையும் முதலாளியும் தொழிலாளியும் ஒப்புக்கொண்டால் வேறு ஒரு நாளுக்கு மாற்றிக்கொள்ளலாம். வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் இது பொருந்தும். வீட்டு வேலைக்கு வந்த பெண்களுக்கு இந்தப் பகுதி பொருந்தாது என்று அதே சட்டம் கதவை அடைத்திருக்கிறது. அந்த அநியாயத்தைத் தனியாக எழுத வேண்டும்.

கவனியுங்கள், முதலாளி ஒப்புக்கொள்ள வேண்டும். வற்புறுத்த முடியாது. மறுத்தால் ஆண்டு விடுமுறை இருக்கிறது, ஓராண்டு முடித்தவருக்குக் குறைந்தது 8 நாள். ஆனால் கேட்காமலே மறுக்கப்பட்டதாக நினைத்து ஆறு ஆண்டு மாடிப்படியில் நின்றாரே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அவர் பேச்சு மேற்பார்வையாளருக்குப் புரியாது. மேற்பார்வையாளரோ பல இடங்களில் நம் தமிழர்! அதனால்தான் இதை உங்களிடம் சொல்கிறேன்.

இந்த வாரம் உங்கள் பக்கத்து மெஷின்காரரிடம் பெயர் என்ன என்று கேளுங்கள். துர்க்கை பூஜை கொண்டாடுகிறவர் என்றால் அஷ்டமி எந்தத் தேதி என்று காலண்டரில் பார்த்துச் சொல்லுங்கள். எந்த விடுமுறைக்குப் பதிலாக எந்த நாள் என்று ஒரே தாளில் எழுதிக் கேட்க உதவுங்கள். ஒரு மாதத்துக்கு முன்பே கொடுத்தால் நல்லது. முதலாளி வாயால் 'ஓகே' சொன்னால் போதாது. கையெழுத்து வாங்கி, அதன் நகல் ஒன்றைத் தொழிலாளியே பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.