சின்னச் சக்கரத்துக்கு ஒரு சைக்கிள் மீற்றர்



ஆட்டோ, ஸ்கூட்டி, மாற்றுத்திறனாளிகளுக்கான மூன்று சக்கர மோட்டார் வண்டி என்று எம்மில் பலர் இன்று வண்டியை நம்பித்தான் குடும்பம் நடத்துகிறோம். அந்த வண்டிகளில் இருக்கும் ஒரு சின்னப் பொருளைப் பற்றி இம்மாதம் பேசுவோம். அதுதான் வேகம் காட்டும் மீற்றர்.

நான் மாத்தளை நகரத்துக்கும் இரத்தோட்டைப் பக்கத் தோட்டங்களுக்கும் இடையில் பாடசாலைப் பிள்ளைகளை ஆட்டோவில் ஏற்றி இறக்குகிறேன். 1977 கலவரத்துக்குப் பின் என் பெற்றோர் இந்த மாவட்டத்தை விட்டு வன்னிக்குப் போனவர்கள். யுத்தம் முடிந்த பின் பிள்ளைகளோடு நான் திரும்பி வந்தேன். இங்கே வளைவும் இறக்கமும் இல்லாத ரோட்டு குறைவு. பிள்ளைகளை ஏற்றிவிடும் தாய்மார் கேட்கும் முதல் கேள்வி, "அக்கா, மெதுவாத்தானே போவீங்க?" என்பது. "ஓம்" என்று சொன்னால் மட்டும் போதாது. எவ்வளவு வேகம் என்று நமக்கே தெரிய வேண்டும்.

வேகத்தைக் காதாலும் கண்ணாலும் அளக்க முடியாது. எஞ்ஜின் இரைந்தால் 25 கூட அதிகமாகத் தெரியும். இறக்கத்தில் எஞ்ஜின் சத்தம் குறைந்தால் 45 கூட மெதுவாகத் தெரியும். இலங்கையில் முச்சக்கர வண்டிக்கு உச்ச வேகம் மணிக்கு 40 கிலோமீற்றர். வேகம் 20இல் இருந்து 40 ஆனால், பிரேக் பிடித்து நிற்கும் தூரம் இரண்டு மடங்காகாது, நான்கு மடங்காகும். வளைவில் வண்டியைக் கவிழ்க்கும் விசையும் அப்படியே ஏறும். மூன்று சக்கரத்துக்கு இது மிகவும் முக்கியம்.

பழைய ஆட்டோக்களில் முன் சக்கரத்தில் இருந்து ஒரு கேபிள் மேலே போய் மீற்றரைச் சுழற்றும். மீற்றருக்குள்ளே ஒரு காந்தம் சுற்ற, அதன் இழுவையில் முள் அசையும். ஜேர்மனியில் ஒட்டோ ஷூல்ட்ஸே என்பவர் 1902இல் காப்புரிமை பெற்ற முறை இது. சேறும் துருவும் பிடித்தால் கேபிள் இறுகும், பிறகு அறுந்துவிடும். என் வண்டியில் முள் 20க்கும் 50க்கும் இடையில் ஆடிக்கொண்டே இருந்தது. கராஜில் கேபிள் மாற்றியும் சில மாதத்தில் அதே கதைதான். அதனால்தான் சைக்கிளுக்குப் பூட்டும் சின்ன டிஜிட்டல் மீற்றரை வாங்கிப் பூட்டினேன்.

அது வேலை செய்யும் விதம் இலகுவானது. சக்கரத்தில் ஒரு காந்தம், அதற்கு எதிரே அசையாத இடத்தில் ஒரு சென்சர். சென்சருக்குள் சிறு கண்ணாடிக் குழாயில் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள் இருக்கும். காந்தம் கடக்கும்போது இரண்டும் ஒட்டும், போனதும் விலகும். 1936இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் வோல்ட்டர் எல்வுட் கண்டுபிடித்த சுவிட்ச் இது. ஒரு சுற்றுக்கு எவ்வளவு நேரம் என்று மீற்றர் எண்ணும். ஒரு சுற்றுக்கு எவ்வளவு தூரம் என்பதை நாம்தான் அதற்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். முழு விஷயமும் இதில்தான் இருக்கிறது.

26 அங்குல சைக்கிள் சக்கரம் ஒரு சுற்றில் ஏறக்குறைய 2,070 மில்லிமீற்றர் போகும். ஆட்டோவின் 4.00-8 டயர் அப்படியல்ல. 8 அங்குல ரிம், மேலும் கீழும் 4 அங்குல டயர், மொத்தம் 16 அங்குலம். ஒரு சுற்றுக்கு 1,270 மில்லிமீற்றர் அளவுதான் வரும். ஸ்கூட்டியின் 3.00-10 டயருக்கும் கணக்கு அதேதான். சைக்கிள் அளவை மாற்றாமல் பூட்டினால், நீங்கள் 40இல் போகும்போது மீற்றர் 65 என்று காட்டும்.

ஆகவே அளந்து பாருங்கள். டயருக்குச் சரியாகக் காற்று அடியுங்கள். சமதரையில், சக்கரம் நிலத்தைத் தொடும் இடத்தில் டயரிலும் தரையிலும் சோக்கட்டியால் கோடு போடுங்கள். நீங்கள் ஆசனத்தில் இருக்க, இன்னொருவர் வண்டியை நேராகத் தள்ளட்டும். டயரின் கோடு மூன்றாம் முறை தரையைத் தொடும் இடத்தில் அடுத்த கோடு. இடையில் உள்ள தூரத்தை மூன்றால் பிரியுங்கள். எனக்கு 3 மீற்றர் 78 சென்ரிமீற்றர் வந்தது. ஒரு சுற்றுக்கு 1,260 மில்லிமீற்றர். பாரத்தில் டயர் சற்று அமுங்குவதால் கணக்கில் வருவதைவிடக் குறையும். அளந்த எண்ணையே மீற்றரில் பதியுங்கள். வாங்கும்போது, மில்லிமீற்றரில் எண் பதியக்கூடிய மீற்றர்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

ஆட்டோச் சக்கரத்தில் கம்பி இல்லாததால் சைக்கிள் காந்தத்தை மாட்ட முடியாது. சிறிய பலமான காந்தம் ஒன்றை, இரும்பை நன்றாகத் துடைத்து, அரல்டைட் போட்டு ஒட்டுங்கள். ரிம்மின் ஓரத்தைவிட நடுப்பக்கம் நல்லது. அங்கே காந்தம் மெதுவாகக் கடப்பதால் சென்சர் தவறவிடாது. இரண்டுக்கும் இடைவெளி 3 முதல் 5 மில்லிமீற்றர் போதும். வயரை பிரேக் பைப்பில் இருந்து விலக்கிக் கட்டுங்கள். ஹேண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பி, வயர் இழுபடுகிறதா, சக்கரத்தில் படுகிறதா என்று பாருங்கள். வயர் இல்லாத வகையை எஞ்ஜினின் தீப்பொறி குழப்பலாம். ஆதலால் வயர் உள்ளதே நமக்கு உகந்தது.

பிறகு சரிபாருங்கள். நான் ஏ9 வீதியில் நாலந்தைப் பக்கம் போகும்போது இரண்டு கிலோமீற்றர் கற்களுக்கு இடையில் பார்த்தேன். 30இல் போனால் ஒரு கிலோமீற்றருக்கு 2 நிமிடம், 40இல் போனால் 90 செக்கன். நேரத்தை உங்களோடு வருபவர் பார்க்கட்டும். நீங்கள் ரோட்டைப் பாருங்கள். டயர் தேயத்தேய மீற்றர் சற்றுக் கூடக் காட்டும். புது டயர் போட்டால் மறுபடி அளக்க வேண்டும். ஒன்றை மறக்க வேண்டாம்: இது துணை மீற்றர்தான். வண்டியோடு வந்த மீற்றரைக் கழற்றாமல் திருத்தியே வைத்திருங்கள்.

இந்த மீற்றரால் இன்னொரு நன்மையும் உண்டு. அது தூரத்தையும் எண்ணும். 2022இல் பெற்றோலுக்குக் கியூஆர் முறை வந்தபோது முதலில் ஆட்டோவுக்குக் கிழமைக்கு 5 லீற்றர்தான். என் வண்டி 5 லீற்றரில் 120 கிலோமீற்றர் ஓடும் என்பது கொப்பியில் எழுதியிருந்ததால், எத்தனை நாள் பிள்ளைகளை ஏற்றலாம் என்று தாய்மாருக்கு முன்கூட்டியே சொல்ல முடிந்தது. வெறுமையாகத் திரும்பி வரும் தூரத்துக்கும் பெற்றோல் எரிகிறது என்பதைக் கணக்கில் காட்டித்தான் மாதக் கட்டணத்தையும் பேசினேன். யாரும் மறுக்கவில்லை.

"பொம்பிளை ஓடினால் இப்படித்தான்" என்று ரோட்டில் சொல்ல ஆட்கள் இருப்பார்கள். அவர்களோடு வாயாடிப் பயனில்லை. நம் வேகமும் தூரமும் செலவும் நமக்குத் தெரிந்திருந்தால், பொலிஸிடமோ கராஜிலோ லீசிங் கந்தோரிலோ கூனிக்குறுகி நிற்கத் தேவையில்லை.

ஒரு சோக்கட்டி, ஒரு அளவு நாடா, ஒரு கொப்பி. இவற்றோடு வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் சக்கரத்தை அளந்து பாருங்கள். அடுத்த மாதம் பிரேக்கைப் பற்றிப் பேசுவோம்.