வீடு பார்க்குமுன் வழியைப் பாருங்கள்



ஃபஜ்ர் தொழுது முடித்துப் பள்ளிவாசலை விட்டு வெளியே வரும் நேரத்தில்தான் ஆரணியின் நெசவுத் தெருக்களில் பாவு நீட்டத் தொடங்குவார்கள். தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனை நோக்கிப் பட்டிழைகள் நீண்டு கிடக்கும். வெயில் ஏறுமுன் வேலை முடிந்தாக வேண்டும். இழையை மிதிக்காமல் ஓரமாக ஒதுங்கி வீடு திரும்புவது சிறுவயதிலேயே எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. தெரு என்பது நடந்து செல்வதற்கு மட்டுமன்று, ஒருவருடைய ரிஸ்கும் அதில் விரிந்து கிடக்கிறது என்பதை எந்தப் பாடநூலும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. அந்தக் காலைப் பொழுதுகளே சொல்லித் தந்தன.

அப்படியொரு சந்தில் என் உறவுமுறைப் பெரியம்மா ஒருவர் நாற்பது ஆண்டுகள் வாழ்ந்தார். பக்கத்து வீட்டுத் தறிக்கு இழை சுற்றிக் கொடுப்பார். சிறு கூலிதான் என்றாலும் அது அவருடைய கையில் இருந்த காசு. சில ஆண்டுகளுக்கு முன் வீட்டைப் பாகம் பிரிக்க வேண்டிய நிலை வந்தது. வாரிசுகள் ஏழு பேர், வீட்டின் அகலமோ பன்னிரண்டு அடி. விற்றுப் பங்கிட்டார்கள். மகன் ஊருக்கு வெளியே, நெல் வயலாக இருந்து மனையாக மாறிய ஒரு புது நகரில் வீடு கட்டினார். டைல்ஸ் தரை, காற்றோட்டமான அறைகள், குழாயில் தண்ணீர் என்று ஒரு குறையும் இல்லை. அண்மையில் பார்க்கச் சென்றபோது பெரியம்மா என்னிடம் சொன்னார்: "வீடு நல்லாத்தாம்ப்பா இருக்கு. வெளியே போறதுக்குத்தான் வழியில்ல."

அந்த நகருக்குப் பேருந்து கிடையாது. மருத்துவரிடம் போகவும், மதரஸாவில் நடக்கும் பெண்கள் பயானுக்குப் போகவும், உறவினர் வீட்டு ஜனாஸாவுக்குப் போகவும் மகன் வேலை முடிந்து வரும்வரை அவர் காத்திருக்க வேண்டும். இழை சுற்றும் வேலை முதல் வாரத்திலேயே நின்றுபோனது. புது வீடு அவருக்கு வசதியைத் தந்தது, ஆனால் அவருடைய நடமாட்டத்தை எடுத்துக்கொண்டது.

வீடு என்பது நான்கு சுவர்களோடு முடிந்துவிடுவதில்லை. அங்கிருந்து வேலைக்கும், பள்ளிக்கூடத்திற்கும், பள்ளிவாசலுக்கும், மருத்துவமனைக்கும் செல்லும் வழியும் வீட்டின் ஒரு பகுதியே. வழியைக் கணக்கில் எடுக்காமல் வீட்டை மட்டும் கணக்கிடுவது அரசுக்கும் தவறு, குடும்பத்திற்கும் தவறு.

சென்னை சொல்லும் பாடம்

குடிசைப் பகுதி மக்களுக்கு நல்ல வீடு தர வேண்டும் என்ற நோக்கத்துடன் 1970இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் தொடங்கப்பட்டது. தொடக்க காலத்தில் குடிசைகள் இருந்த இடத்திலேயே, அல்லது அதற்கு அருகிலேயே, அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. பிற்காலத்தில் நிலைமை மாறியது. 2000ஆம் ஆண்டு முதல் பழைய மகாபலிபுரம் சாலையையொட்டிக் கண்ணகி நகரிலும், பின்னர் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் ஆயிரக்கணக்கான வீடுகள் கட்டப்பட்டன. கண்ணகி நகரில் மட்டும் 15,000க்கும் மேற்பட்ட வீடுகள். 2015 டிசம்பர் வெள்ளத்திற்குப் பிறகு கூவம், அடையாறு கரைகளில் வாழ்ந்த பல குடும்பங்கள் பெரும்பாக்கத்தின் உயரமான கட்டடங்களுக்கு அனுப்பப்பட்டன.

கூரை கிடைத்தது உண்மை. ஆனால் நகரின் நடுவில் வீட்டு வேலை செய்த பெண்கள், துறைமுகத்திலும் சந்தையிலும் கூலி வேலை பார்த்த ஆண்கள், பள்ளிப் படிப்பின் பாதியில் இருந்த பிள்ளைகள் எனப் பலரும் ஒரே நாளில் இருபது கிலோமீட்டருக்கும் அப்பால் போய்ச் சேர்ந்தனர். பலர் வேலையை இழந்தனர், பல பிள்ளைகள் படிப்பை நிறுத்தினர். அந்த வாரியம் 2021இல் தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர் மாற்றப்பட்டது. 'வாழ்விடம்' நல்ல சொல்தான். வாழ்வும் இடமும் ஒன்றாக இருந்தால்தான் அந்தச் சொல்லுக்குப் பொருள் உண்டு.

ஆரணிக்கு இது இன்னும் நெருக்கமான செய்தி. நம் ஊரில் பல வீடுகளில் குழித்தறி தரையைத் தோண்டி அமைக்கப்பட்டிருக்கிறது. நெசவாளர் குழியில் கால்களை இறக்கி அமர்ந்து மிதிக்கிறார். தலைக்கு மேலே ஜக்கார்டு நிற்க உயரம் வேண்டும், வெளியே பாவு நீட்டத் தெரு வேண்டும். இரண்டாம் மாடியில் தறிக்குழி தோண்ட முடியாது. பழைய நெசவு வீடுகளை இடித்து அடுக்குமாடி கட்டும் திட்டம் எதுவாயினும், அது இந்தக் கணக்கைப் போடாவிட்டால் ஒரு குடும்பத்தின் வீட்டை மாற்றுவதாக நினைத்துக்கொண்டு அதன் தொழிலையே அழித்துவிடும். நெய்பவர், இழை சுற்றுபவர், சாயம் போடுபவர், சேலை விற்பவர் என்று பல சமூகத்தாரையும் ஒரே தெரு பிணைத்திருக்கிறது. அந்தப் பிணைப்பு அறுந்தால் இழப்பு ஒரு சமூகத்திற்கு மட்டுமன்று.

மார்க்கம் காட்டும் அளவுகோல்

பாதை குறித்துக் கருத்து வேறுபாடு ஏற்பட்டால் அதை ஏழு முழ அகலமாக அமைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் தீர்ப்பளித்ததாகப் புகாரியிலும் முஸ்லிமிலும் ஹதீஸ் உள்ளது. சுமை ஏற்றிய கால்நடைகள் தடையின்றிச் செல்வதற்குரிய அளவு அது என்று விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர். அன்று ஒட்டகத்திற்கு ஏழு முழம் என்றால், இன்று பேருந்துக்கும் ஆம்புலன்ஸுக்கும் எத்தனை அடி என்பதைச் சிந்திக்க வேண்டியவர்கள் நாம். வாரிசுரிமைப்படி அணுவளவும் பிசகாமல் பாகம் பிரிக்கிறோம். அதே நேரத்தில், பின்கட்டில் பங்கு பெறும் சகோதரிக்கு நடைபாதை விடாமல் சுவர் எழுப்பிவிடுகிறோம். பங்கு சரியாக இருக்கலாம், நீதி சரியாக இருக்கிறதா?

பனூ சலிமா குலத்தார் மதீனாவின் ஓரப்பகுதியில் வாழ்ந்தனர். மஸ்ஜிதுந் நபவிக்கு அருகில் குடிபெயர அவர்கள் விரும்பியபோது நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அவர்கள் பள்ளிக்கு எடுத்து வைக்கும் காலடிகள் பதிவு செய்யப்படுகின்றன என்று நற்செய்தி கூறினார்கள். மதீனாவின் ஓரங்கள் வெறிச்சோடிப் போவதை நபியவர்கள் விரும்பவில்லை என்றும் அனஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் உள்ளது. ஆக, ஊரின் ஓரத்தில் குடியிருப்பவர் இரண்டாம் தரத்தவர் அல்லர். ஊர் விரிவடைவதும் குற்றமன்று. ஆனால் 'நடந்தால் நன்மைதானே' என்று சொல்லி வழி அமைக்கும் பொறுப்பிலிருந்து யாரும் நழுவிவிட முடியாது. நடப்பவருக்கு நற்கூலி என்பது வேறு, நடக்க இயலாத மூதாட்டிக்கு வண்டி இல்லாமல் செய்வது வேறு.

மூன்றாவது அளவுகோல், சம்மதம். மஸ்ஜிதுந் நபவியை விரிவாக்க அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு தேவைப்பட்டது. அவர்கள் மறுத்தார்கள். கலீஃபா உமர் (ரலி) அவர்களோ அதிகாரத்தைப் பயன்படுத்தவில்லை. வழக்கு உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் சென்று, தீர்ப்பு அப்பாஸ் (ரலி) அவர்களுக்குச் சாதகமாக அமைந்தது. அதன் பிறகு அப்பாஸ் (ரலி) அவர்கள் தாமாகவே அந்த இடத்தை அல்லாஹ்வுக்காக வழங்கிவிட்டதாக வரலாற்று நூல்கள் அறிவிக்கின்றன. பள்ளிவாசலுக்காகக்கூட ஒருவரின் வீட்டைக் கட்டாயப்படுத்தி எடுக்க முடியாது என்றால், வணிக வளாகத்திற்கோ சாலை விரிவாக்கத்திற்கோ எவ்வளவு பேணுதல் வேண்டும்!

அப்படியானால் பழையதை அப்படியே விட்டுவிடுவதா?

இல்லை. மும்பை பிந்தி பஜாரை எண்ணிப் பாருங்கள். ஒரு நூற்றாண்டைக் கடந்த நெருக்கமான கட்டடங்கள். தாவூதி போஹ்ரா சமூகத்தினர் 2009இல் சைஃபி புர்ஹானி மேம்பாட்டு அறக்கட்டளையை நிறுவி, 16.5 ஏக்கரில் ஏறத்தாழ 250 கட்டடங்களை மாற்றிக் கட்டும் பணியைத் தொடங்கினர். சுமார் 3,200 குடும்பங்களும் 1,250 கடைகளும் அதில் அடக்கம். கட்டி முடியும்வரை தற்காலிக வீடு, முடிந்தபின் அதே பகுதியில் சொந்த வீடு, கடைக்காரருக்கு அதே பகுதியில் கடை என்பதே அதன் அடிப்படை. அந்தத் திட்டத்திலும் தாமதமும் எதிர்ப்புகளும் இருந்தன. 2017 ஆகஸ்டு 31 அன்று அங்கிருந்த ஹுஸைனி கட்டடம் இடிந்து 33 பேர் உயிரிழந்தனர். பழைய சுவர்களைப் பாசத்தின் பெயரால் தள்ளிப்போடுவதும் ஆபத்தே என்பதற்கு அது சான்று. இடிப்பதா வேண்டாமா என்பதோடு கேள்வி முடிவதில்லை. இடித்த பிறகு மக்கள் எங்கே இருப்பார்கள், எப்படி வேலைக்குப் போவார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

"முதலில் வீடு வரட்டும், பேருந்து பிறகு தானாக வரும்" என்பார் சிலர். தலைநகரிலேயே அப்படி நடக்கவில்லை. கிளாம்பாக்கம் பேருந்து முனையம் 2023 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்டபோது அதையொட்டி ரயில் நிலையம் இல்லை. மூட்டை முடிச்சுகளோடு தென்மாவட்டப் பயணிகள் பட்ட பாட்டை அறிவோம். ஆரணியின் கதையோ அதைவிட நீளம். 'ஆரணி ரோடு' என்று பெயர் தாங்கிய ரயில் நிலையம் ஆரணியில் இல்லை, களம்பூரில் இருக்கிறது. வந்தவாசி, செய்யாறு, ஆரணி, ஆற்காடு வழியாகத் திண்டிவனத்தையும் நகரியையும் இணைக்கும் ரயில் பாதைக்கு 2006-07இல் அனுமதி கிடைத்தது. ஏறத்தாழ 180 கிலோமீட்டர் நீளத் திட்டம் அது. அன்று பிறந்த பிள்ளைகள் இன்று வாக்களிக்கும் வயதைக் கடந்துவிட்டனர், ஆரணிக்குள் இன்னும் ரயில் வரவில்லை.

நம்மால் ஆவது என்ன?

முதலாவது, மனை வாங்கும்போது விலையை மட்டும் கேட்காதீர்கள். மனைப்பிரிவு அங்கீகரிக்கப்பட்டதா, சாலை அகலம் எவ்வளவு, அருகிலுள்ள பேருந்து நிறுத்தம் எங்கே என்று கேளுங்கள். அங்கீகாரமில்லா மனைகளின் பதிவுக்கு 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தபோது எத்தனை குடும்பங்களின் சேமிப்பு முடங்கியது என்பதை மறந்துவிடக் கூடாது. ஏறத்தாழ இரண்டரை ஏக்கருக்கு, அதாவது 10,000 சதுர மீட்டருக்கு, மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் நீங்கலாகப் பத்து விழுக்காடு நிலத்தைப் பொதுத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் கட்டட விதிகள் கூறுகின்றன. மனை பிரித்து விற்கும் நம் சகோதரர்கள் அந்த நிலத்தை இழப்பாகக் கருத வேண்டாம், அமானத்தாகக் கருதட்டும்.

இரண்டாவது, ஜமாஅத் நிர்வாகங்கள் புது நகர்களில் பள்ளிவாசல் கட்ட நிதி திரட்டுவதோடு நின்றுவிடாமல், அங்கு வாழும் குடும்பங்களின் அன்றாடப் பயணத்தையும் கணக்கெடுக்க வேண்டும். எத்தனை மாணவியர், எத்தனை முதியோர், எந்த நேரத்தில், எங்கே செல்கிறார்கள் என்ற ஒரு பக்கப் பட்டியல் போதும். அதைப் பிற சமூகத்தாருடன் சேர்ந்து நகராட்சியிடமும் போக்குவரத்துக் கழகத்திடமும் கொடுத்து நகரப் பேருந்து கேட்போம். 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் பேருந்தே வராத நகரில் அந்தச் சலுகையால் என் பெரியம்மாவுக்கு என்ன பயன்?

மூன்றாவது, ஊரின் வளர்ச்சித் திட்ட வரைவு பொதுமக்கள் கருத்துக்காக வெளியிடப்படும்போது அதைப் படித்து, எழுத்து மூலம் கருத்துச் சொல்லும் பழக்கம் நமக்கு வேண்டும். நெசவு வீட்டுக்குத் தரைத்தளம், பாவு நீட்டப் பொது இடம், பேருந்து திரும்பும் அளவுக்குச் சாலை ஆகியவற்றைக் கட்டடம் எழுமுன் கேட்டால் கிடைக்க வாய்ப்பு உண்டு. எழுந்தபின் கேட்டால் கிடைப்பது ஆறுதல் வார்த்தை மட்டுமே.

பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவது ஈமானின் கிளைகளில் ஒன்று என்று நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். பாதையே இல்லாதிருப்பதைவிடப் பெரிய தொல்லை எது?

நம் வீடுகளிலும் அவற்றுக்குச் செல்லும் வழிகளிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! நம் முதியோர் பிறர் தயவை எதிர்பார்க்காமல் சென்று வரும் ஊராக ஆரணியை ஆக்கித் தருவானாக! ஆமீன்.