இலை இலவசம்... மிச்சத்துக்கு பில் எங்கே?

திரேஸ்புரம் கடற்கரையில் ஒரு சாயங்காலம். வள்ளத்தின் இன்ஜினில் ஏறியிருந்த துருவைச் சுரண்டிக்கொண்டிருந்தார் ஒரு பெரியவர். சும்மா இருக்க மாட்டாமல், ''அண்ணாச்சி, சிரட்டை, சருகையெல்லாம் கரியாக்கி, அதை வச்சு கரன்ட் எடுக்கலாம்னு விஞ்ஞானிகள் சொல்றாங்க'' என்றேன். நிமிராமலே கேட்டார்: ''கிலோ என்ன வெலைக்குக் குடுக்காவ, தம்பி?''

எனக்குத் தெரியவில்லை. பி.காம். படித்தவனுக்கு இதைவிட அவமானம் உண்டா?

வீட்டுக்கு வந்து ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் புரட்டினேன். தேங்காய்ச் சிரட்டை, வாழைப்பழத் தோல், ஆகாயத்தாமரை, கடற்பாசி என்று எதையும் விட்டுவைக்கவில்லை. 'மலிவான', 'குறைந்த செலவிலான' என்ற வார்த்தைகள் தலைப்பிலேயே மின்னுகின்றன. விலையைத்தான் காணோம்!

மேட்டர் ரொம்ப எளிது. பெரியவர் சுரண்டிய துருவிலிருந்தே தொடங்கலாம். இரும்பு எலெக்ட்ரானை விடுகிறது. தண்ணீரில் கரைந்த ஆக்சிஜன் அதை வாங்கிக்கொள்கிறது. முடிவு, துரு. ஹைட்ரஜனில் ஓடும் ஃப்யூயல் செல்லிலும் இதே கொடுக்கல் வாங்கல்தான். ஹைட்ரஜன் கொடுக்கும் எலெக்ட்ரான் கம்பி வழியே போய் மோட்டாரைச் சுற்றுகிறது. மறுமுனையில் ஆக்சிஜன் அதை வாங்கிக்கொண்டு தண்ணீராகிறது. ஆனால், ஆக்சிஜன் சரியான சோம்பேறி. அதைக் கிளப்பிவிட ஒரு தரகர் தேவை. அவர்தான் வினையூக்கி. இந்தத் தொழிலில் கில்லாடி, பிளாட்டினம். பெரும்பகுதி தென்னாப்பிரிக்காவிலிருந்து, நகைக்கடை விலையில் வருகிறது.

2009-ல் அமெரிக்க ஆய்வாளர்கள், நைட்ரஜன் கலந்த கார்பன் நுண்குழாய்கள் காரக் கரைசலில் பிளாட்டினத்துக்கு ஈடுகொடுக்கும் என்று காட்டினார்கள். இலையில் இயற்கையாகவே நைட்ரஜன் உண்டே? காற்றுப் படாமல் 800, 900 டிகிரியில் கரியாக்கினால் அது கார்பனோடு கலந்து நிற்கும். அறிவியல் நிஜம். அதோடு எனக்குச் சண்டை இல்லை. என் சண்டை கணக்கோடுதான்.

முதல் கணக்கு. இலை இலவசம், சரி. கரியில் நுண்துளை போட பொட்டாசியம் ஹைட்ராக்ஸைடு வேண்டும். பொட்டாஷுக்கு இந்தியா கிட்டத்தட்ட முழுக்க இறக்குமதியைத்தான் நம்பியிருக்கிறது. உலைக்கு மின்சாரம், உள்ளே நைட்ரஜன் வாயு, பிறகு அமிலத்தில் கழுவல், கழுவின தண்ணீரைச் சுத்திகரிக்க வேறு செலவு. இவ்வளவும் செய்தால் போட்டதில் கொஞ்சம்தான் கரியாக மிஞ்சும். 'வாழையிலை தோட்டத்திலேயே கிடைத்தது, அதனால் கல்யாண விருந்து ஓசி' என்று கணக்கு எழுதினால் எந்த ஆடிட்டர் கையெழுத்துப் போடுவார்?

இரண்டாவது கணக்கு. காரக் கரைசலில் சோதித்துவிட்டு, 'பிளாட்டினத்தைவிட மலிவு' என்கிறார்கள். அந்த மைதானத்தில் நிஜப் போட்டியாளர் பிளாட்டினமே இல்லை, சார். என் அப்பாவின் காது மெஷினுக்குப் பொட்டு மாதிரி ஒரு பேட்டரி. ஸ்டிக்கரை உரித்தால் துளை வழியே காற்று போய் வேலை செய்யும். துத்தநாகம்-காற்று பேட்டரி. அதில் ஆக்சிஜனைக் கிளப்பிவிடுவது பெரும்பாலும் மாங்கனீஸ் ஆக்ஸைடு. அதுவே மலிவுதான். ஐந்து நட்சத்திர ஹோட்டல் பில்லைக் காட்டி, 'எங்கள் டீக்கடை மலிவு' என்று ஏன் விளம்பரம்? பக்கத்து டீக்கடை விலையைச் சொல்லுங்கள்!

பிளாட்டினம் நிஜமாகவே தேவைப்படுவது அமிலத் தன்மையுள்ள சவ்வோடு இயங்கும் ஃப்யூயல் செல்களில். கொச்சி கப்பல் கட்டும் தளம் உருவாக்கி, 2024 பிப்ரவரி 28-ல் தூத்துக்குடி விழாவில் தொடங்கிவைக்கப்பட்ட ஹைட்ரஜன் படகில் இருப்பது அந்த ரகம்தான். அங்கே போனால் இலைக்கரி நொண்டியடிக்கிறது.

மூன்றாவது, காமெடி. பிளாட்டினம் வேண்டாம் என்று நிரூபிக்கும் சோதனையில், பல ஆய்வகங்கள் எதிர் மின்முனையாக வைப்பது பிளாட்டினக் கம்பி! அது கரைந்து கரி மேல் படிந்தால், கிடைத்த பெருமை யாருடையது? கிராஃபைட் கம்பி போடுங்கள் என்று விவரமறிந்தவர்கள் எச்சரித்திருக்கிறார்கள்.

'ஆராய்ச்சியில் உடனே லாபம் கேட்கலாமா?' என்று கோபப்படுவீர்கள். கேட்கக் கூடாதுதான். புரிந்துகொள்வதற்காகச் செய்கிற ஆராய்ச்சிக்குத் தாராளமாகப் பணம் கொடுங்கள். ஆனால், 'மலிவு' என்று விண்ணப்பத்தில் எழுதி வரிப்பணம் வாங்கினால், பில் காட்டித்தான் ஆகவேண்டும்.

இந்தக் கரைக்கு இது புதுக் கதையும் அல்ல. இங்கே கடைசி முத்துக்குளிப்பு 1961-ல். 1973-ல் மத்திய கடல் மீன் ஆராய்ச்சி நிலையத்தார், இதே தூத்துக்குடியில் சிப்பிக்குள் முத்து வளர்த்துக் காட்டினார்கள். அசல் சாதனை. எண்பதுகளில் தொழிலாக்கவும் முயன்றார்கள். நிலைக்கவில்லை. இன்று சீன முத்து மாலைக்குப் பேரம் பேசுகிறோம்.

நேர்மாறான கதையும் உண்டு. காங்கயம் பக்கம் சிரட்டைக் கரியை 'ஆக்டிவேட்டட் கார்பன்' ஆக்கி வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். தண்ணீர் வடிகட்டியில் இருப்பது அந்த ரகம்தான். எப்படி ஜெயித்தார்கள்? அயோடின் எண் என்று ஒரு தர அளவு. எண்ணைச் சொன்னால் விலை. மூட்டைக்கு மூட்டை தரம் மாறினால் சரக்கு திரும்பி வரும். தரமும் தராசும்தான் அங்கே விஞ்ஞானத்தைக் காசாக்கின.

1948-ல் காரைக்குடி மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் தூக்கிக் கொடுத்தவர் அழகப்பச் செட்டியார். கணக்குத் தெரிந்த மனுஷர். அவர் ஊரிலிருந்தே ஆரம்பிக்கலாம். நிதி கொடுக்கிறவர்கள் நாலு நிபந்தனை போடட்டும். கிராம் கணக்கில் அல்ல, கிலோ கணக்கில் செய்து காட்டு. மூன்று முறை செய்தாலும் ஒரே தரம் வரட்டும். உப்புக் காற்றில் ஆயிரம் மணி நேரம் ஓட்டு. கடைசிப் பக்கத்தில் கிலோ அடக்கவிலையை எழுது. உப்புக் காற்றுக்குத் தூத்துக்குடியைவிடப் பொருத்தமான ஊர் எது? 2025 செப்டம்பரில் இங்கே துறைமுகத்தில் பசுமை ஹைட்ரஜன் ஆலையே திறந்துவிட்டார்கள்.

விளாத்திகுளம் பக்கம் சீமைக்கருவேலை வெட்டி, மூட்டம் போட்டு, புகையில் கண் எரிந்து கரி அள்ளுகிறவர்கள் மூட்டை விலைக்குத்தான் விற்கிறார்கள். அந்தக் கரிக்கும் ஒரு தரமும் நல்ல விலையும் வருமா, வராதா? வராது என்றால் அதையாவது தைரியமாகச் சொல்லுங்கள். அதுவும் விஞ்ஞானம்தான்.

அடுத்த முறை திரேஸ்புரம் போகும்போது பெரியவரிடம் என்னால் கட்டுரையை நீட்ட முடியாது. அவர் கேட்டது விலை.